எதிரெதிராக இரண்டு அம்புகள்

ரத்னாவதி சிஸ்டர் என்றால் முள்ளிப்பட்டில் இன்றும் தெரியாதவர் குறைவு. ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் செவிலியராகவே வேலை செய்து ஓய்வு பெற்றவர். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எழுந்து வரச் சொல்லமாட்டார். அவரே பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒரு கையால் அவர்கள் நாடியைப் பிடித்து, இன்னொரு கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் அது. கறுப்பு முகத்தில் வெள்ளை எண்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வட்டம், அதற்குள் ஓடும் வினாடி முள்.

"இன்னா சிஸ்டர், வீட்டுக்காரர் வாட்ச கட்டிகினு வந்துட்டீங்களா?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

"எங்கப்பாவுது" என்பார் ரத்னாவதி. அதற்கு மேல் சொல்ல நேரம் இருக்காது.

அப்பா தரணேந்திரன், ஆரணிக்கு அருகே ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவர். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட வீடு. 1942-ல், இருபது வயதில், வீட்டில் சொல்லாமல் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். எறும்புப் புற்றைக்கூடச் சுற்றி நடக்கும் வீட்டிலிருந்து ஒருவன் யுத்தத்துக்குப் போகிறான் என்பதை உறவுக்காரர்களால் தாங்க முடியவில்லை. ஆனால் அவர் மெட்ரிக் படித்திருந்ததால் சரக்குக் கிடங்குப் பிரிவில் போட்டார்கள். ஆவடியில் கொஞ்ச காலம், பிறகு அசாம். லாரி வரிசைகளை நேரத்துக்குக் கிளப்பி அனுப்புவது அவர் வேலை. துப்பாக்கிப் பயிற்சி எடுத்தாரே தவிர, ஒரு மனிதனை நோக்கி அதை நீட்டியதில்லை. அந்த நேரம் பார்க்கும் வேலைக்காக சர்க்கார் அவர் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டது.

பிற்காலத்தில் அவர் ஊரில் வாத்தியாராக இருந்தார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிடும் வீடு அது. சாப்பிட்ட பிறகு மகள் ரத்னாவதியையும், அவளுக்கு நான்கு வயது இளையவனான ஜீவந்தரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கடிகாரத்தின் கதையைச் சொல்வார். ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலி போட்டுக் கடிகாரம் வைத்திருந்த காலத்தில், கையில் கட்டிக்கொள்வது சீமைப் பெண்களின் நகையாகத்தான் இருந்தது. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்த சிப்பாய்க்கு, பையிலிருந்து எடுத்து மூடியைத் திறந்து பார்க்க ஒரு கை மிச்சமில்லை. பீரங்கி எந்த நிமிஷத்தில் சுட ஆரம்பிக்கும், எந்த நிமிஷத்தில் நிறுத்தும், எப்போது ஓட வேண்டும் என்று தெரியாவிட்டால் சொந்தப் பீரங்கியே கொன்றுவிடும். அதனால் பெண்களைப் போலத் தோல்பட்டை வைத்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். இரண்டாம் யுத்தம் வந்தபோது சர்க்காரே ஸ்விஸ் கம்பெனிகளுக்கு, கடிகாரம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கியது. தண்ணீர் உள்ளே போகக்கூடாது. முகம் மின்னிக் கண் கூசக்கூடாது. இருட்டில் முள் தெரிவதற்கு ரேடியம் பூச வேண்டும். பின்மூடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு இருந்தால் அது ராஜாவின் சொத்து.

"சிப்பாய்க்கு அது சொந்தமில்லம்மா. இரவல். போகும்போது குடுத்துட்டுத்தான் போவணும்" என்பார் தரணேந்திரன்.

1946-ல் அவர் பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்தபோது உடுப்பு, போர்வை, தண்ணீர்க் குப்பி எல்லாவற்றையும் ஒரு மேஜையில் ஒப்படைத்தார். கடிகாரத்தைக் கழற்றியபோது அங்கிருந்த பஞ்சாபி குமாஸ்தா, "காணாமல் போய்விட்டதென்று சொல், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று இந்துஸ்தானியில் சொன்னார். வரிசையில் நின்ற பலர் அப்படித்தான் சொன்னார்கள். தரணேந்திரன் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். ஊருக்கு வந்த பிறகும் தினமும் பலமுறை வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாராம். அடுத்த வருஷம், யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ஆவடியில் சர்க்கார் விற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். பூட்ஸ், கொசுவலை, அலுமினியப் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு பெட்டி நிறையக் கடிகாரங்கள் இருந்தன. அதே மாதிரி ஒன்றைப் பொறுக்கி எடுத்து வாங்கிக்கொண்டார்.

இந்த இடம் வந்ததும் பட்டையை உருவிக் கடிகாரத்தின் முதுகைப் பிள்ளைகளிடம் காட்டுவார். அதில் ஒரு அம்புக்கு எதிரே, முனையோடு முனை சேருகிற மாதிரி, இன்னொரு அம்பு குத்தியிருக்கும்.

"ஒரு அம்பு இருந்தா சர்க்காரோடது. எதிர்ல இன்னொன்னு குத்தினா, சர்க்காரே வித்துடுச்சின்னு அர்த்தம். எவனும் நம்ம கையப் புடிச்சிக் கேக்க முடியாது. தெரியுதா?"

இரண்டு பிள்ளைகளும் தலையாட்டுவார்கள்.

ரத்னாவதி செவிலியர் பயிற்சிக்குத் தேர்வானபோது, வினாடி முள் உள்ள கடிகாரம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். தரணேந்திரன் தன் கையிலிருந்ததைக் கழற்றி மகள் கையில் கட்டினார். பதினைந்து வயது ஜீவந்தரன் முகம் சுருங்கி நின்றான்.

"ஆம்பள வாட்ச அக்காவுக்கு ஏன் குடுக்கிற?"

"மொதல்ல இத்த பொம்பளைங்கதான்டா கட்டிகினாங்க. அவளுக்கு இதுல வேல இருக்குது. உனக்கு இன்னா வேல?"

ஜீவந்தரன் வெளியே போய்விட்டான். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள்.

அக்காவும் தம்பியும் ஒட்டுதலாகத்தான் இருந்தார்கள். அம்மா படுக்கையில் விழுந்த வருஷங்களில் தம்பியைப் படிக்க வைத்ததும், பிறகு அவன் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தியதும் ரத்னாவதிதான். அவன் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனான். அந்த வேலையை விட்டு வந்து ஆரணியில் செல்போன் சாமான்கள் விற்கும் கடை போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் அக்கா வீட்டில்தான். ரத்னாவதியின் கணவர் களம்பூரில் அரிசி ஆலை ஒன்றில் மேலாளராக இருந்தவர். கொரோனாவின் இரண்டாம் அலையில் இறந்துபோனார். மகன் புனேயில் இருந்து வர முடியாத நேரம். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் அலைந்தவன் ஜீவந்தரன். அதன் பிறகு ஒரு வருஷம் தினமும் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான். பின்னால் நடந்ததைச் சொல்லும்போதுகூட ரத்னாவதி இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த நாட்களில்தான் கடிகாரம் நின்றுபோனது.

"என்கிட்ட குடுக்கா. இங்க எவன்கிட்டயும் குடுத்துடாத, கெடுத்துடுவானுங்க. பாம்பேல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான்" என்று ஜீவந்தரன் வாங்கிக்கொண்டு போனான். பழைய கடிகாரங்களை இணையத்தில் வாங்கி விற்க அவன் அப்போது ஆரம்பித்திருந்தான். அக்காவுக்கு அது மேலோட்டமாகத் தெரியும்.

சில மாதம் கழித்துக் கடிகாரம் திரும்பி வந்தது. முகம் பளிச்சென்று இருந்தது. எண்கள் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தன. மூன்றுக்குப் பக்கத்தில் இருந்த பழுப்புக் கறை போயிருந்தது.

"இன்னாடா இது, புதுசாட்டம் கீது?"

"நல்லா க்ளீன் பண்ணிக் குடுத்துக்கீறான்க்கா. நாப்பது வருஷ அழுக்கு."

ரத்னாவதி அதைக் கட்டிக்கொண்டார். பின்மூடியை மறைத்துச் சுற்றிவரும் ஒரே நீளப் பட்டை. கழற்றும்போது கடிகாரத்தின் முதுகு தெரியாது. தம்பி கொண்டுவந்து கொடுத்ததை உருவிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆவணி மாதக் காலையில், வாசலில் வேட்டி சட்டையில் ஒருவர் வந்து நின்றார். நிமிர்ந்த உடம்பு, நரைத்த மீசை. வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், பெயர் சடையப்பன். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஆரணிக்கு வந்திருந்தார். மற்றவர்களைச் சேலைக் கடையில் விட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருந்தார்.

"தரணேந்திரன் ஐயா ஊடு இதானுங்களா? கடையில கேட்டேன், சிஸ்டர் ஊடுன்னு சொன்னாங்க."

ரத்னாவதி உள்ளே அழைத்து உட்கார வைத்தார். கூடத்தில் மாட்டியிருந்த தரணேந்திரனின் பட்டாள உடுப்புப் படத்துக்கு முன்னால் சடையப்பன் நின்று சல்யூட் வைத்தார். ரத்னாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவருக்கு யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை. "ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா சிஸ்டர்?" என்று கேட்டபோது சந்தோஷமாகப் படத்துக்குக் கீழே நின்றார். சடையப்பன் பக்கத்தில் நின்று கையை நீட்டி எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் மணிக்கட்டில் இருந்ததை ரத்னாவதி கவனித்தார். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சின்ன வட்டத்தில் வினாடி முள்.

"எங்கப்பா வாட்ச் மாதிரியே கீதே" என்றார்.

சடையப்பன் கொஞ்சம் தயங்கினார். "இதாங்க உங்கப்பா வாட்ச்சு. அதுக்குத்தான் வந்தேன். நெட்டுல வாங்கினேன், அதுல ஐயா பேரும் ஊரும் போட்டிருந்துச்சி. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் கீது, மிலிட்டரி வாட்ச் சேக்கிறவங்க. அதுல இன்னும் ரெண்டு பேரு இதே வாட்ச், இதே போட்டோன்னு போட்டாங்க. யாரது நெசம்னு பேஜாரா போச்சி. நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன்."

அவர் செல்போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். ஒரு மேஜை, கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும் ஒரு கை, பக்கத்தில் தரணேந்திரனின் அதே உடுப்புப் படம். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எங்கப்பா 1944-ல பர்மா சண்டையில முன்வரிசையில நின்னவரு. கைக்குக் கை சண்ட. ஒரு இங்கிலீஷ் ஆபீசர் குண்டடிபட்டு அவரு மடியிலயே செத்தாரு. அவரு கையிலர்ந்து எங்கப்பா கழட்டிகினு வந்த வாட்ச்சு இது..."

ரத்னாவதி அந்தக் குரலை முதல் வார்த்தையிலேயே தெரிந்துகொண்டார். முழுவதும் ஓடி முடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க கூடப் பொறந்தவருங்களா சிஸ்டர்?" என்று சடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

ரத்னாவதி தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை உருவினார். முதுகில் அம்பு இருந்தது. ஒரே ஒரு அம்பு. எதிரே ஒன்றும் இல்லை. சடையப்பன் தன்னுடையதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அச்சில் குத்தியது மாதிரி இருந்தன.

"டயல் புதுசா எழுதினதுங்க" என்றார் அவர், தன்னுடையதைக் காட்டுகிறாரா ரத்னாவதியுடையதைக் காட்டுகிறாரா என்று தெரியாமல். "உள்ள மெஷின் பழசுதான். வேற ஏதோ செத்த வாட்ச்சுலர்ந்து எடுத்திருப்பாங்க."

ரத்னாவதி அப்பா சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னார். இரவல் கடிகாரம், பஞ்சாபி குமாஸ்தா, மேஜை, ஆவடி, எதிரெதிரே இரண்டு அம்புகள். சடையப்பன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வந்தவன்தாங்க" என்றார் கடைசியில். "நீங்க சொன்னத அப்படியே என் போன்ல பேசிக் குடுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறேன். குரூப்புல போட்டுடறேன். இந்த ஐயா பேர நான் காப்பாத்தறேன்."

ரத்னாவதி பேசிக் கொடுத்தார். சடையப்பன் தன் போன் நம்பரைக் கொடுத்து, இன்னொரு முறை படத்தை வணங்கிவிட்டுப் போனார்.

மத்தியானம் ரத்னாவதி தம்பியின் கடைக்குப் போனார். வெயில் நேரம், வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஜீவந்தரன் அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொரு அம்பு எங்கடா?"

அவன் அதைப் பார்த்தான்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"நான் கண்டுபிடிக்கல. வாங்கினவரு ஊட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு சல்யூட் வெச்சிட்டுப் போனாரு. அப்பா வாட்ச் எங்க?"

"வித்துட்டேன்க்கா. மூணு கை மாறி வெளிநாடு போயிடுச்சி. யாருகிட்ட கீதுன்னு எனக்கே தெரியாது."

"எனக்கு ஏன் இத்தக் குடுத்த?"

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான். கையில ஒன்னு இருந்தா உனக்குப் போதும்னு..." பிறகு அவன் குரல் சட்டென்று மாறியது. "அது எனக்கு வந்திருக்க வேண்டியது. அவரு எனக்கும்தான் அப்பா. ஒரு தடவயாவது என் கையில கட்டிப் பாத்தாரா? ஒனக்கு இன்னா வேலைன்னு கேட்டாரு. பாரு, எனக்கு அதுலதான் வேல."

அவன் மனதில் அது இத்தனை வருஷமாக இருந்தது என்று ரத்னாவதிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அன்றைக்கே கழற்றிக் கொடுத்திருப்பார்.

"சரி. வித்த. அத்த வுட்டுடு. அப்பாவ ஏன்டா பொணத்துக் கையிலர்ந்து கழட்ட வெச்ச?"

"கதைக்குத்தான்க்கா விலை. ஆவடியில மிச்ச சாமான்ல பொறுக்கினதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. வாங்கறவனுக்கும் தெரியும். அவனும் அடுத்தவன்கிட்ட சொல்லிக்கத்தான் வாங்கறான்."

"அப்ப நெச வாட்ச்சுக்கு இன்னா கத சொன்ன?"

ஜீவந்தரன் கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்தான். "அதுக்குக் கத தேவப்படல. ரெண்டு அம்ப பாத்தாங்க, எடுத்துகினாங்க."

அக்காவுக்கு இதுதான் தாங்க முடியாமல் போனது. அப்பா பட்டையை உருவிக் காட்டியபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கதையைத்தான் கேட்டார்கள். அதன் உண்மையை வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டு, பொய்யை ஊருக்கு விற்றிருக்கிறான். இரண்டையும் அவனுக்குத் தெரிந்தேதான் செய்திருக்கிறான்.

"அந்த வீடியோவ எடுத்துடு."

"எடுத்துடறேன்."

ரத்னாவதி கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவன் வீடியோவை எடுத்துவிட்டான். இரண்டு நாளில் வேறு பெயரில் அதே வீடியோ திரும்ப வந்தது. ரத்னாவதி கண்டுபிடித்துக் கேட்டபோது போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றது.

சடையப்பன் இருக்கிறார், அவர் சொல்லிவிடுவார் என்ற ஒரு தைரியம் ரத்னாவதிக்கு இருந்தது. ஒருமுறை போன் செய்து கேட்டார். "கல்யாண வேலையில கீறேன் சிஸ்டர், கண்டிப்பா போட்டுடறேன்" என்றார். அடுத்த முறை போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். "வணக்கம் மேடம். உங்க தந்தையோட வாட்ச் இப்ப என்கிட்டதான் இருக்கு. ரொம்பப் பெருமையா இருக்கு. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணிச்சு, விசாரிச்சு நம்பர் வாங்கினேன்."

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"ஒரு ரிட்டயர்டு சுபேதார். சடையப்பன்னு. நீங்களும் அவரும் உங்க தந்தை படத்துக்குக் கீழ நிக்கிற போட்டோகூட அனுப்பினார். அத பாத்துதான் நம்பிக்கையே வந்துச்சு. இல்லன்னா இந்தக் காலத்துல யார நம்பறது?"

தம்பி செய்ததைவிட இது ரத்னாவதியை வேறு விதமாக அடித்தது. தம்பியின் பொய்யில் அவர் முகம் இல்லை. இதில் அவரே சிரித்துக்கொண்டு நிற்கிறார். சல்யூட் வைத்த கையை நினைத்தார். அந்த நிமிஷத்தில் அந்த ஆள் நடித்தான் என்று சொல்ல அவருக்கு இன்றும் மனம் வருவதில்லை. உண்மையாகத்தான் வைத்திருப்பான், வீட்டுக்குப் போய்ப் போலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்திருப்பான், கையில் இருந்த போட்டோ வழி காட்டியிருக்கும்.

"அது எங்கப்பா வாட்ச் இல்லீங்க" என்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

"மேடம், நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்" என்றார் அவர். குரலில் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. "இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். என் வாட்ச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு. உங்க அப்பாவுக்கும் நல்ல பேருதானே, வீரர்னுதானே சொல்றோம்? உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?"

அவர் போனை வைத்துவிட்டார். ஏமாந்தவர்களாவது தன் பக்கம் நிற்பார்கள் என்று ரத்னாவதி நினைத்திருந்தார். ஏமாந்தவர்களுக்கும் அந்தப் பொய் தேவையாக இருந்தது.

மறுநாள் காலை, பூண்டிச் சமணக் கோயிலுக்குப் போய் வந்த சேலையோடு, கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, போனை டப்பா ஒன்றின்மேல் சாய்த்து நிறுத்தினார். தடுப்பூசிக் காலத்தில் கிராமத்துக் குரூப்புகளுக்கு எத்தனையோ வீடியோ பேசி அனுப்பிய பழக்கம் அவருக்கு உண்டு. அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இவரு என் தகப்பனார் தரணேந்திரன். பட்டாளத்துல ஸ்டோர் கீப்பரு. யாரையும் சுட்டதில்ல. யாரு கையிலர்ந்தும் எதையும் கழட்டல. சர்க்கார் குடுத்த வாட்ச்ச திருப்பிக் குடுத்தாரு. அப்பால சர்க்கார் வித்தப்ப காசு குடுத்து வாங்கினாரு. அந்த வாட்ச்சு இப்ப எங்க குடும்பத்துல இல்ல. இவரு போட்டோவோட உங்ககிட்ட ஒரு வாட்ச்சு இருந்தா அது பொய்யி. வித்தவங்கள்ல ஒருத்தன் என் கூடப் பொறந்தவன். அதையும் நானே சொல்லிடறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். வீடியோவில் அந்த நிறுத்தம் அப்படியே இருக்கிறது. அதை வெட்டாமல் முகநூலில் போட்டார்.

அது பரவியது. பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். யாரோ ஒருவர், "அம்மா, சுபேதார் போட்டோவுல நீங்க கட்டியிருந்த அந்த டூப்ளிகேட் வாட்ச்ச விக்கறீங்களா? இந்த வீடியோவோட சேர்த்து நல்ல விலைக்குப் போகும்" என்று எழுதியிருந்தார். ரத்னாவதி அதைப் படித்துவிட்டு அந்தக் கடிகாரத்தைச் சுத்தியலால் உடைத்தார்.

ஜீவந்தரனின் இணைய வியாபாரம் நின்றது. வாங்கிய இரண்டு மூன்று பேர் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. தம்பி செய்தது தப்பு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கூடப் பிறந்தவனை ஊர் பார்க்க நிறுத்தியது அதைவிடத் தப்பு என்று பாதிப் பேர் சொன்னார்கள்.

பொங்கலன்று காலையில் ஜீவந்தரன் வந்தான். கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு பையில் சேலை. எந்த வருஷமும் தவறாத சீர். இளைத்திருந்தான். ரத்னாவதி உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். குடித்தான்.

"என் பொழப்பு போச்சிக்கா" என்றான்.

"தெரியும்."

"உனக்கு மனசு ஆறிடுச்சா?"

"இல்ல."

அவன் சேலைப் பையை அவர் பக்கம் நகர்த்தினான். ரத்னாவதி அதைத் தொடவில்லை.

"ஜீவா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். நீ என்னை ஏமாத்தினது இருக்கட்டும். அப்பா செஞ்சது இன்னான்னு உன் வாயால ஒரு தடவ சொல்லு. என்கிட்டகூட வேணாம். உன் பொண்ணு சௌம்யாகிட்ட சொல்லு. அவ அந்தப் பொய்யத்தான் நெசம்னு நம்பிகினு கீறா. தாத்தா பெரிய சண்டைக்காரருன்னு ஃப்ரெண்டுங்ககிட்டலாம் சொல்லிக்கீறா. அவகிட்ட சொல்லிட்டு வா, நான் சேலைய கட்டிக்கறேன்."

ஜீவந்தரன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவ மொகத்த பாத்து எப்படிக்கா சொல்றது" என்றான்.

பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். பையை விட்டுவிட்டுத்தான் போனான். ரத்னாவதி அது நாற்காலியில் இருக்கட்டும் என்று அன்று முழுவதும் விட்டுவைத்தார். ஒருவேளை திரும்பி வருவான், அல்லது சௌம்யாவே போன் செய்வாள் என்று நினைத்திருக்கலாம். மாட்டுப் பொங்கலன்று, தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, பையைத் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

"எதனா சொல்லணுங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"சும்மா குடுத்துட்டு வாங்க" என்றார் ரத்னாவதி.